இரண்டாவது பள்ளம்

அசையக் கூடாது. காலை மாற்றிப் போட்டால்கூடத் தரை போய் மேசையிடம் சொல்லிவிடும், மேசை கண்ணாடிகளிடம் சொல்லும், கண்ணாடிகள் ஒளியிடம். அப்புறம் கம்ப்யூட்டர் திரையில் அந்த இடத்துப் புள்ளி மட்டும் மந்தையை விட்டுப் போன ஆடு மாதிரி தனியாகப் போய் நிற்கும். ஏகாம்பரம் பிளாஸ்டிக் நாற்காலியில், உள்ளங்கை இரண்டையும் தொடைமேல் கவிழ்த்து, மூச்சையும் பாதிப் பாதியாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கறுப்புத் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் டக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டக். பிறகு கிர்ர் என்று ஒரு சின்ன நகர்வு. காந்தப்புலம் இந்தப் பக்கம், காந்தப்புலம் அந்தப் பக்கம், கண்ணாடியைச் சுமக்கிற வண்டி ஒரு மயிரிழை பின்னால். பதினொரு வருஷமாக இந்த லேசர் ஆய்வகத்தில் இரவெல்லாம் கேட்கிற சத்தம். பகலில் வீட்டில் படுத்திருக்கும்போதும் காதுக்குள் கேட்கும், டக், டக், கிர்ர். ஆனால் இன்றைக்கு ஒவ்வொரு டக்கையும் எண்ணிக்கொண்டிருக்கிறார். மணி ஐந்தேகால். நாலே முக்காலுக்கு ஆரம்பித்தது, மூன்றாவது சுற்று ஓடுகிறது, ஆறு சுற்றுக்குக் கொடுத்திருக்கிறார். ஆறு மணிக்குத் தண்ணீர் லாரிகள் வளாகத்துக்குள் வர ஆரம்பித்தால் கட்டடம் முழுக்க மாவு மெஷின் மாதிரி நடுங்கும், அதற்குள் முடிந்தாக வேண்டும். இதைச் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பேராசிரியர் கோதண்டபாணி சாருக்குத் தெரியாது. அவருடைய ஆராய்ச்சி மாணவி தமயந்திக்கும் தெரியாது. ஈரம் புகாத கண்ணாடி ஜாடிக்குள் அவள் வைத்திருந்த இரண்டாவது உலோகத் துண்டை அவளைக் கேட்காமல் எடுத்து, இடுக்கியால் பிடித்து, காந்தத்துக்கு நடுவில் பொருத்தியவர் இவர்தான். இன்றைக்குப் பத்தரை மணிக்கு அவளுக்கு வைவா, வாய்மொழித் தேர்வு. ஆறு வருஷப் படிப்புக்குக் கடைசி நாள். புனேயிலிருந்து வந்திருக்கிற தேர்வாளர் நேற்றே கெஸ்ட் ஹவுசில் இறங்கிவிட்டார். அவளுடைய ஆய்வேட்டில் நாலாவது அத்தியாயம் முழுக்க ஒரு பள்ளத்தைப் பற்றியது. அந்தப் பள்ளம் உலோகத்தில் இருக்கிறதா, இல்லை இவர் கைவேலையா, அதைத்தான் இந்த ஆறு சுற்றும் சொல்லப் போகின்றன.

பள்ளம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. திரையில் இடமிருந்து வலமாக ஒரு கோடு வரும். முதலில் சமதளம், அதுவரை உலோகத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. சுழியத்தில் ஒளியின் ஒரு அடி விழும். ஒரு நொடியை லட்சம் கோடிப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குக்குப் பிக்கோ நொடி என்று பெயர்; அந்த அடி அதிலும் பத்தில் ஒரு பங்குதான் நீடிக்கும். அதற்குள் உலோகத்தின் காந்தம் பாதிக்கு மேல் செத்துப்போகும். கோடு கிணற்றில் விட்ட வாளி மாதிரி நேராக இறங்கும். பிறகு மெதுவாக, மனசே இல்லாமல், மேலே ஏறும். இது எல்லாத் துண்டுக்கும் உள்ளது. தமயந்தியின் துண்டில் மட்டும் நாற்பதாவது பிக்கோ நொடியில், ஏறிக்கொண்டிருந்த கோடு தயங்கி, திரும்பவும் ஒரு தடவை இறங்கும். யாரும் அடிக்காமலே இரண்டாவது தடவை விழும். டக். டக். கிர்ர். முதல் சுற்றில் ஒன்றும் தெரியவில்லை, புள்ளிகள் ஈசல் மாதிரி இறைந்து கிடந்தன. இரண்டாவதில் இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. சுற்றுகளைக் கூட்டிக் கூட்டிச் சராசரி போடப் போடத்தான் கலங்கின தண்ணீர் தெளிகிற மாதிரி அடியில் கிடப்பது தெரியும். வண்டி பின்னால் நகர நகர, அடி விழுந்து எத்தனை பிக்கோ நொடி கழித்து உலோகம் எப்படி இருக்கிறது என்று தெரியும்; இப்போது இருபதில் நிற்கிறது. இருபத்தொன்று. இன்னும் கொஞ்ச நேரத்தில் நாற்பது. பார்க்காதே, வேறு எதையாவது நினை. வேறு எதை நினைப்பது? வாலாஜாபாத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீட்டோடு சேர்த்து டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தபோது காந்தம் பிடித்த டிவிகள் வரும். யாராவது ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைத்திருப்பார்கள், படத்தின் மூலையில் ஊதாவும் பச்சையுமாக ஒரு கறை உட்கார்ந்துகொள்ளும், அழுகிற கதாநாயகிக்கு ஒரு கன்னம் மட்டும் பச்சையாக இருக்கும். ஏகாம்பரம் கம்பி சுற்றின ஒரு வளையத்தை எடுத்து, கரண்டில் சொருகி, திரைக்கு முன்னால் ஆரத்தி சுற்றுகிற மாதிரி சுற்றிச் சுற்றிப் பின்னால் நடந்து போவார். கறை கரையும். வாடிக்கையாளர் வாயைப் பிளப்பார். காந்தத்தை அழிக்கிறது அவருக்குக் கை அறிந்த வேலை. அப்போது வளையத்தால் அழித்தார், இங்கே ஒளி அழிக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று வேலை கேட்டு வந்த அன்றைக்கே சாரிடம் சொன்னார். சார் சிரித்துவிட்டு, ‘நீங்க பாஸ் ஏகாம்பரம், வேலைக்கு வாங்க’ என்றார். பத்தாவதோடு நின்ற படிப்பு. எடைக்குப் போட்ட இயற்பியல் புத்தகங்களை அகராதி வைத்துப் படித்துக் கொண்டது மீதி. வளையத்தைச் சுற்றி ஒழுங்காக விலகி நடக்க வேண்டும். நடுவில் கரண்டு நின்றால் முன்னைவிடப் பெரிய கறை விழும். மனைவி கற்பகம் ஒரு தடவை சுவிட்சை... வேண்டாம். அந்த டிவியை இப்போது நினைக்க வேண்டாம்.

முப்பத்தெட்டு. கண்ணை மூடிக்கொண்டார். மூடினால் மட்டும் கோடு போகாதா என்ன? மூடின கண்ணுக்குள் அது இன்னும் பெரிதாக, வயல் வரப்பு அளவுக்கு, கிடந்தது. திறந்தபோது வண்டி நாற்பத்தாறு தாண்டியிருந்தது. மூன்று சுற்றின் சராசரி. பள்ளம் இல்லை. இல்லை என்று சொல்ல முடியாது, லேசாக ஒரு தொய்வு. தொய்வா அது? கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் இடுக்கிப் பார்த்தார். இருந்துவிடு, கொஞ்சமாவது இருந்துவிடு. ஒரு கோட்டிடம் கெஞ்சுகிற நிலைமைக்கு வந்தாயிற்று. நாற்பத்தொன்பது வயது. இந்த ஆவணியோடு ஐம்பது. ஒப்பந்தத்தை வருஷா வருஷம் சார் ஒரு கடிதம் எழுதிப் புதுப்பிக்கிறார், அந்தக் கடிதம் ஒரு வருஷம் வரவில்லை என்றால் டிவி ரிப்பேருக்கு யார் வரப்போகிறார்கள்? இப்போது டிவி என்பது சுவரில் மாட்டுகிற பலகை, கெட்டால் தூக்கிப் போடுகிறார்கள். பயம் சாப்பாட்டைப் பற்றி மட்டுமா? இல்லை. தமயந்தியின் முகத்தைப் பற்றியது. ராசிபுரத்துப் பெண். அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர், காது மந்தம், போனில் பேசும்போது இவள் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவாள், ‘சாப்ட்டேன்ப்பா, சாப்ட்டேன், ஏகாம்பரம் அண்ணன் வாங்கிக் குடுத்தாரு.’ வாங்கிக் கொடுத்தது இரண்டு இட்லி. முதல் வருஷம் சார் என்றாள், அப்புறம் ஒரு நாள் தானாக அண்ணா ஆகிவிட்டது. யாரும் அவரை அப்படி மனசு வைத்துக் கூப்பிட்டதில்லை. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? எதைச் சொல்வது? இன்னும் எதுவும் நிச்சயமில்லையே. இன்னும் மூன்று சுற்று இருக்கிறதே. நாலாவது சுற்று ஆரம்பித்தது. வண்டி கிர்ர்ர் என்று நீளமாக ஓடித் திரும்ப ஆரம்ப இடத்துக்குப் போய் நின்றது. எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு வண்டி இருந்தால் ஆகாதா? ஒரு பட்டனைத் தட்டினால் அடி விழுவதற்கு முந்தின இடத்துக்கு.

போன வருஷம் ஆயுத பூஜை. அதற்குத்தான் மனசு திரும்பத் திரும்பப் போய் முட்டுகிறது, பூட்டின கதவில் மாடு முட்டுகிற மாதிரி. அன்றைக்குப் பகலிலேயே வந்துவிட்டார். ஆய்வகத்தைக் கழுவித் துடைத்து, கம்ப்யூட்டருக்கு, குளிர்விக்கிற இயந்திரத்துக்கு, ஸ்பானர் டப்பாவுக்கு, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். சரஸ்வதி படம், மாவிலை, பொரி, கடலை, வாழைப்பழம். சார் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சாமி கும்பிடுகிறவர் இல்லை, ஆனால் பொரி தின்கிறவர். ‘ஏகாம்பரம், லேசர் பெட்டிக்குக் குங்குமம் வையுங்க, வேணாங்கல. உள்ளாற இருக்கற லென்ஸுக்கு மட்டும் வெச்சீங்க, நான் சாமியாராப் போயிடுவேன்.’ ‘நீங்க சாமியாராப் போனா மடத்துல நமக்கும் ஒரு வேலை குடுங்க சார்’ என்றார் இவர். எல்லாரும் சிரித்தார்கள். அப்போதுதான் தமயந்தி ஓடி வந்தாள், கையில் அந்தச் சின்ன பிளாஸ்டிக் டப்பா. உள்ளே விரல் நகம் அளவுக்கு அந்தத் துண்டு. கண்ணாடிமேல் படிய வைத்த உலோகக் கலவை, அதன் கனம் ஒரு தலைமயிரில் நாலாயிரத்தில் ஒரு பங்கு, அதன் தலைக்குமேல் காற்று படாமல் இருக்க இன்னும் மெல்லிசாக ஒரு போர்வை. ‘அண்ணா அண்ணா, இதையும் வெச்சுருங்ணா. மூணு மாசமா எந்தத் துண்டுலயும் ஒண்ணுமே வரமாட்டேங்குது. இதுல இன்னும் ஒருக்காக்கூட ஓட்டிப் பாக்கல. புதுசா எதாச்சும் வந்தாத்தான் எனக்கு விடிவு.’ ‘உன் துண்டுக்குச் சரஸ்வதி பத்தாதும்மா, சனீஸ்வரனுக்கு எள்ளு தீபம் போடு.’ ‘போங்கண்ணா நீங்க வேற.’ அதற்கப்புறம் அவள் என்ன சொன்னாள்? மூடியோட வெச்சுருங்க, தூசி படாம. அப்படிச் சொன்னாளா? சொன்ன மாதிரிதான் இருக்கிறது. இல்லை, அது வேறு ஒரு நாள் வேறு ஒரு துண்டுக்குச் சொன்னதா? எட்டு நாளாக இதே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார், முள்ளில் மாட்டின வேட்டி மாதிரி, இழுத்தால் கிழிகிறது, விட்டால் போக முடியவில்லை. அவள் திறந்து வைக்கச் சொன்னதாக ஒரு குரலை உண்டாக்கிப் பார்த்தார். குரல் வரவில்லை. வந்தது மூடியோட என்கிற குரல்தான், ராசிபுரத்து இழுவையோடு, மூடியோட வெச்சுருங்ணா. இவர்தான் திறந்தார். மூடி போட்டுச் சாமி முன்னால் வைப்பது வீட்டுக்கு வந்தவர்கள் முகத்துக்கு எதிரே கதவைச் சாத்துகிற மாதிரி இருந்தது. திறந்தார், படத்துக்கு அடியில் பழத்துக்கும் பொரிக்கும் நடுவில் வைத்தார், பித்தளைத் தட்டில் கற்பூரம் ஏற்றினார். ஒன்றல்ல, கைக்கு வந்தது ஒரு பிடி. நல்லா எரியட்டுமே, பெண்ணுக்கு நல்லது நடக்கட்டுமே என்றுதான். சுவாலை எழுந்து கறுப்பாக ஒரு புகைவால் விட்டது. ஏசி காற்று அந்த வாலைப் பிடித்து வளைத்துப் படத்தின் அடிக்கு, டப்பாவின்மேல் இழுத்துக்கொண்டு போனது. அதைப் பார்த்தார். கண்ணால் பார்த்தார். பார்த்து, அம்மன் இறங்கி வந்து தொட்டுவிட்டுப் போகிறாள் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரமே பள்ளம் வந்தது. அவர் கண்ணில்தான் முதலில் பட்டது. விடிகிற நேரம், ஹாஸ்டலுக்குப் போன் போட்டார், அவள் செருப்புக்கூட ஒழுங்காக மாட்டாமல் ஓடி வந்தாள், சார் சட்டைப் பட்டனை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார். நம்பவில்லை, சோதித்தார்கள். காந்தப்புலத்தைத் திருப்பினால் பள்ளமும் திரும்பியது, அப்படியானால் காந்த சம்பந்தம்தான், பொய் இல்லை. ஒளி படுகிற இடத்தை மாற்றினார்கள், துண்டின் எந்த மூலையில் அடித்தாலும் பள்ளம். எப்படி வராமல் இருக்கும்? கரி எல்லா மூலையிலும்தானே படிந்திருக்கிறது. கரி ஒளியைக் குடித்திருக்கிறது, குடித்ததைச் சூடாக்கி, நாற்பது பிக்கோ நொடி கழித்துக் கீழே உலோகத்துக்குள் இறக்கியிருக்கிறது. சூடு உண்மை, காந்தம் இரண்டாம் தடவை விழுந்ததும் உண்மை. காரணம்தான் பொய். சார் அறைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். ‘மேற்பரப்பு தனியா யோசிக்குதுய்யா. அடியில இருக்கற உலோகம் ஒண்ணு சொல்லுது, மேல இருக்கறது கொஞ்சம் பொறுத்து வேற சொல்லுது.’ அவள் அழுதுகொண்டே சிரித்தாள். இவரும். அந்த ஒரு விடியற்காலைதான் பதினொரு வருஷத்தில் அவருக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்து வீட்டுக்குப் போன நாள். நாலாவது சுற்று நாற்பதைத் தாண்டிவிட்டது. பார்த்தார். தொய்வு போய்விட்டது. கோடு ஏறுகிறது, நாற்பதிலும் ஏறுகிறது, ஐம்பதிலும் ஏறுகிறது, குழந்தை வரைந்த மலை மாதிரி. நாலு சுற்று போதாது, இன்னும் இரண்டு இருக்கிறது. போன வியாழக்கிழமை கூரியரில் இந்த இரண்டாவது துண்டு வராமலே இருந்திருந்தால் என்ன? ஒரே தகட்டை இரண்டாக வெட்டி, ஒன்றை இங்கே வைத்துக்கொண்டு மற்றதைக் கலவை அளவு பார்க்க வேறு ஊருக்கு அனுப்பியிருந்தார்கள், பூஜைக்கு ஒரு மாசம் முன்னாலேயே. பத்து மாசம் கழித்துத் திரும்பி வந்தது. வைவா முடியட்டும், அப்புறம் பாக்கலாம்ணா, உள்ள வெச்சுருங்க என்றாள். உள்ளே வைக்கப் போனவர் இரண்டையும் விளக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். பழைய துண்டு கொஞ்சம் மங்கல். கண்ணாடியில் மூச்சுவிட்ட மாதிரி, அவ்வளவே அவ்வளவு. மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாது. டிவி திரையில் கறை பார்த்தே இருபது வருஷம் போன கண்ணுக்குத் தெரிந்தது. அன்றைக்குக் குளிக்கும்போது, தலையில் தண்ணீர் விழுந்த நொடியில், ஏசி காற்றில் வளைந்த அந்தக் கறுப்பு வால் கண்ணுக்கு முன்னால் வந்தது. சொம்பு கையிலிருந்து விழுந்த சத்தத்துக்கு வெளியே இருந்து கற்பகம் என்ன என்றுகூடக் கேட்கவில்லை.

கேட்க மாட்டாள். பதினாறு வருஷமாகக் கேட்பதில்லை. அந்த டிவி யாரோ ஒரு வாத்தியாருடையது, மறுநாள் காலை அவர் வீட்டில் விசேஷம், இவர் வளையத்தைச் சுற்றிக்கொண்டு பாதி தூரம் விலகியிருந்தபோது கற்பகம் மிக்சிக்காக சுவிட்சைத் தட்டினாள், கரண்டு போயிற்று, திரை முழுக்க ஊதாக் கறை அப்பிக்கொண்டது. அடித்துவிட்டார். ஒரே ஒரு அறை. எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? அவருடைய கை அவள் கன்னத்தில் இருந்தது நொடியில் எத்தனையில் ஒரு பங்கு? அவள் அழவில்லை, அம்மா வீட்டுக்குப் போகவில்லை, ராத்திரி சாதம் போட்டாள், குழம்பில் உப்புக்கூடச் சரியாக இருந்தது. அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டார். தமயந்தியின் உலோகக் கலவையில் இரும்பு ஒரு பக்கம் பார்த்து நிற்கும், காடோலினியம் என்கிற உலோகம் நேர் எதிர்ப் பக்கம் பார்த்து நிற்கும், அடி விழுந்ததும் இரும்பு சட்டென்று குலையும், மற்றது நிதானமாகக் குலையும், அந்த இடைவெளியில் ஒரே ஒரு பிக்கோ நொடி இரண்டும் ஒரே திசையைப் பார்த்து நிற்கும் என்று சார் இரண்டு தீக்குச்சியை வைத்துக் காட்டினார். அப்புறம் பழையபடி எதிரெதிர். வெளியே இருந்து பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது. ஆனால் இரண்டும் தலைகீழாகத் திரும்பியிருக்கும். அன்றைக்கு அவர் தீக்குச்சிகளையே பார்த்துக்கொண்டு நின்றார், சார் புரியவில்லையாக்கும் என்று நினைத்து முதலிலிருந்து சொன்னார். கற்பகத்திடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தப்பு என்று. மறுநாளே சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லாதது அடுத்த வாரம் சொல்லக் கூச்சமாகிவிட்டது, ஒரு வருஷம் கழித்துச் சொன்னால் பைத்தியக்காரத்தனம், அப்புறம் இரவு வேலை கிடைத்தது, அவள் விழித்திருக்கிற நேரம் இவர் தூங்கினார். தப்பைச் சொல்லவும் ஒரு நேரம் இருக்கிறது, அது தாண்டினால் வண்டி அந்த இடத்துக்குத் திரும்பாது.

ஐந்தாவது சுற்று. ஐந்தே முக்கால் ஆகப்போகிறது. குளிர்விக்கிற இயந்திரம் ஒரே சுதியில் முனகிக்கொண்டிருந்தது. ஸ்வெட்டருக்குள் முதுகு வேர்த்தது. முப்பது. முப்பத்தொன்று. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. யோசனைகூட இல்லை, கால் தானாகவே நினைத்துக்கொண்ட மாதிரி. நாற்பதில் வண்டி நிற்கும்போது குதிகாலை ஒரு தடவை தரையில் தட்டினால் போதும். புள்ளி எங்கேயோ போய் விழும். சராசரி கலங்கும். பள்ளம் இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது, இவராலும் சொல்ல முடியாது. சந்தேகம்தானே, சந்தேகத்தோடு எத்தனை பேர் நன்றாக வாழ்கிறார்கள். அவள் பத்தரைக்குப் பேசுவாள், கை தட்டுவார்கள், சார் எல்லாருக்கும் சமோசா சொல்லியிருக்கிறார். வெளிநாட்டில் மூன்று வருஷத்துக்கு வேலை தருகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள், இந்தப் பள்ளத்தைப் பார்த்துத்தான் எழுதினார்கள். அங்கே போய் அவள் இதே கலவையில் வேறு துண்டு செய்வாள். பள்ளம் வராது. மறுபடி செய்வாள். வராது. ஒரு வருஷம் தேடுவாள், தெரியாத ஊரில், தனியாக, தன் கையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. டக். கால் தட்டியது. தட்டியே விட்டது. திரையில் நாற்பதாவது புள்ளி துள்ளிக் கீழே போய் விழுந்தது. நாற்பத்தொன்றில் இன்னொரு தட்டுத் தட்ட வேண்டும், ஒரு புள்ளி போதாது, பள்ளம் என்றால் பத்துப் புள்ளியாவது வேண்டும். கால் வரவில்லை. மரத்துக் கிடந்தது, வேறு யாருடைய காலோ மாதிரி. அந்தப் புள்ளி மட்டும் தன்னந்தனியாகக் கீழே கிடந்து அவரையே பார்த்தது.  ஆறாவது சுற்றில் இரண்டு காலையும் தூக்கி நாற்காலியின் குறுக்குக் கம்பியில் வைத்துக்கொண்டார். கடைசி வரை மூச்சு விட்டாரா என்றே தெரியவில்லை. சுற்று முடிந்து வண்டி ஓய்ந்தபோது தூரத்தில் முதல் லாரியின் உறுமல் கேட்டது. திரையில் ஒரு கிணறு, அப்புறம் ஒரு ஏற்றம். இரண்டாவது பள்ளம் இல்லை. எங்கேயும் இல்லை.

கதவு இரண்டு தடவை தட்டப்பட்டது. தமயந்திதான். தலைக்குக் குளித்து ஈரம் சொட்ட, இலைப்பச்சைப் புடவை, தோளில் லேப்டாப் பை, கையில் பிளாஸ்க். “தூக்கமே வரலங்ணா. சார் எட்டு மணிக்குத்தான் வருவாரு. அதுக்குள்ள ஒருக்காப் பேசிப் பாத்துக்கலாம்னு வந்துட்டேன். நீங்கதான் புனேக்காரரு. கஷ்டமாக் கேள்வி கேக்கோணும், நான் திணறோணும், செரியா?” என்று சொல்லிக்கொண்டே டீயை மூடியில் ஊற்றியவள் திரையைப் பார்த்தாள். ஊற்றுவது நின்றது.

“இது எந்தப் பீஸுங்ணா?”

“கூரியர்ல வந்தது.”

“பவர்?”

“அதே பவர். அதே புலம். ஆறு சுத்து.”

பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். விரல் நாற்பதில் போய் நின்றது. “இந்த ஒரு புள்ளி மட்டும் ஏன் கீழ இருக்குது?”

“அது நான். காலத் தட்டுனேன்.”

“தெரியாமயா?”

“வேணும்னேதான்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்துக்குத்தான் எட்டு நாளாகப் பயந்துகொண்டிருந்தார். வந்தபோது அது வெறும் முகமாக இருந்தது, தூங்காத, கண்ணடியில் கறுத்த, சின்ன முகம். சொன்னார். பூஜையைச் சொன்னார், கற்பூரத்தைச் சொன்னார், காற்று வளைத்த புகையைச் சொன்னார். கோவையாக வரவில்லை, முன்னும் பின்னுமாக வந்தது. அவள் குறுக்கே ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“மூடியோட வெக்கச் சொன்னேனுங்களே?”

“சொன்ன.”

“அப்பறம் ஏங்ணா தொறந்தீங்க?”

“மூடி வச்சா சாமி எப்படிம்மா பாக்கும்னு...”

அவள் சிரித்தாள். சிரிப்புதான், ஆனால் நிற்காமல் வந்தது, புடவையோடு தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், நடுவிலேயே அது வேறாக மாறிப்போனது. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மேசையில் இருந்த டீ மூடிக்குள் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. “நாளைக்குச் செஞ்சிருக்கலாமில்லீங்ணா? ஒரே ஒரு நாளு. நாளைக்கு நான் டாக்டராயிருப்பேன்.”

“நாளைக்குன்னா நான் செஞ்சிருக்க மாட்டேன்ம்மா.”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஏகாம்பரத்தின் நாக்கு அவரைக் கேட்காமலே புரண்டது. “வேற யாருக்கும் தெரியாது. அழிக்கறதுன்னா ஒரு பட்டன். நீ சொன்னீன்னா...”

“அத எங்கிட்ட ஏன் கேக்கறீங்க?” என்று கத்தினாள். அப்பாவிடம் போனில் கத்துகிற அதே குரல், ஆனால் அன்பில்லாமல். “ஆறு சுத்து ஓட்டி எடுத்து வெச்சுட்டு அழிக்கவான்னு எங்கிட்டக் கேட்டா நான் என்னங்ணா சொல்றது? எம்மேல போடறீங்களா அதையும்?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சரிதான். அதையும் அவள் தலையில் போடத்தான் பார்த்தார். அவள் எழுந்து, பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் சொருகி, ஆறு சுற்றையும் அதில் ஏற்றினாள். அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஏறி முடிந்ததும் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். அப்புறம் திரும்பாமலே, குரல் இறங்கி, “சார்கிட்ட நான் பேசிக்கறேன். துண்டு மேல என்னமோ படிஞ்சிருக்குதுங்க சார், எப்பிடின்னு தெரியலைன்னு சொல்லிக்கறேன். உங்க பேரு வராது. நீங்க வீட்டுக்குப் போங்க” என்றாள்.

இதைவிட நல்லதாக எதையும் அவர் எதிர்பார்த்திருக்க முடியாது. போகலாம். போய்ப் படுக்கலாம், ஜன்னலில் போர்வையைக் கட்டி இருட்டாக்கிக்கொண்டு. எழுந்திருப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், நாளைக்கு யாராவது வந்து நடந்ததைச் சொன்னால் அடப்பாவமே என்று கேட்டுக்கொள்ளலாம். ஸ்வெட்டரைக் கழற்றி மடித்தார். மடித்ததைப் பிரித்தார். மறுபடி மடித்தார். “எப்படின்னு தெரியலைன்னு சொன்னா அந்தப் புனேக்காரரு விடுவாரா? ஆறு வருஷம் படிச்ச பொண்ணு, உன் துண்டு மேல என்ன இருக்குன்னு உனக்கே தெரியலையான்னு கேப்பாரு. நீ என்ன சொல்லுவ?”

“தெரியலைன்னுதான் சொல்லுவேன்.”

“தெரிஞ்சவன் நான் ஒருத்தன் இருக்கேன் இல்ல?”

“காண்ட்ராக்ட் போயிரும்ங்ணா.”

“போவும்.”

“சார் கத்துவாரு.”

“கத்தட்டும்.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மன்னிக்கிற பார்வை இல்லை, அது இனி எப்போது வருமோ, வராமலேகூடப் போகலாம். கணக்கு சரியாக வருகிறதா என்று பார்க்கிற பார்வை. “ஹாலுக்கு வந்து சொல்லுவீங்களா? எல்லாருக்கும் முன்னாடி?”

“எங்க இருக்கு அது?”

“மாடியில. படியேறினா வலது கைப்பக்கம்.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுவரை போனவள் நின்றாள். “மூஞ்சி கழுவிட்டு வாங்க” என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை.

வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. இரவு ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற பஸ் வாசலில் நின்று இரண்டு தடவை ஹார்ன் அடித்தது. டிரைவர் கழுத்தை வெளியே நீட்டினார். “இன்னா தலைவரே, ஏறுங்க. எல்லாரும் உங்களுக்காகத்தான் தூங்காம குந்தினு இருக்காங்க.”

“நீ போப்பா. எனக்கு இன்னிக்குப் பகல்ல வேலை இருக்கு.”

“பகல்லயா? உங்களுக்கா? எத்தனை மணிக்கு முடியும்?”

“தெரியலப்பா” என்றார் ஏகாம்பரம். “பத்தரைக்குத்தான் ஆரம்பிக்குது.”